பாதம் தங்கும் இடம்

சவாரி முடிந்து பூட்ஸைக் கழற்றியதும் அதன் அடியைத் திருப்பிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. குதிகாலில் இருப்பது நடந்து தேய்ந்த தேய்மானம், அதை விட்டுவிடலாம். முன்பாதத்துக்குக் குறுக்கே, அங்கவடியின் தட்டு அழுந்தும் இடத்தில், ஒரு பட்டை மட்டும் மங்கிப்போய்த் தெரியும். என் வலது பூட்ஸில் அந்தப் பட்டை ஓரளவு சமமாக இருக்கிறது. இடதில் அப்படி இல்லை. சுண்டுவிரல் பக்கம் ரப்பர் வழவழத்துப் போயிருக்கிறது, பெருவிரல் பக்கம் கடையிலிருந்து வந்த கோடுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அதாவது இடது காலில் நான் பாதத்தின் வெளிவிளிம்பில் தொற்றிக்கொண்டு போகிறேன். சேணத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதை ஒருநாளும் உணர்ந்ததில்லை.

புது அங்கவடி வாங்க நினைப்பவர்கள் கடைப் பட்டியலைத் திறப்பதற்கு முன் இந்த அடிப்பாகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பது நல்லது.

*

கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய கிரேக்கர் செனபோனுக்கு அங்கவடி என்ற பொருளே தெரியாது. அது அந்தப் பக்கம் போய்ச் சேர இன்னும் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு ஆக வேண்டியிருந்தது. ஆனால் காலைப் பற்றி அவர் சொன்னது இன்றும் செல்லும். முழங்காலுக்குக் கீழே காலும் பாதமும் தளர்ந்து தொங்க வேண்டும் என்கிறார். விறைத்த கால் எதிலாவது இடித்தால் ஒடியும். தளர்ந்த கால் இடித்தாலும் விலகிக்கொடுக்கும், தொடை இருந்த இடத்தில் இருக்கும்.

வியன்னாவின் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியில் புதிதாகச் சேர்பவர்களை நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடும் குதிரை மேல், அங்கவடியும் கையில் கடிவாள வாரும் இல்லாமல், மாதக்கணக்கில் உட்கார வைப்பார்கள். முதலில் உட்காரத் தெரிய வேண்டும். அதன் பிறகுதான் அங்கவடி.

இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. உடலின் எடையைச் சேணம் வாங்கிக்கொள்கிறது. தொடை கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. சும்மா உட்கார்ந்து போகும்போது அங்கவடிக்கு வந்து சேர வேண்டியது காலின் எடை மட்டும். குதிரையின் தாளத்துக்கு எழுந்து எழுந்து உட்காரும் ரைசிங் ட்ராட்டில், எழும் கணத்திலும், தடை தாண்டும்போதும் கணக்கு மாறும். அப்போது பெரும்பங்கு அந்த இரண்டு தட்டுகள் மேல் இறங்கும். இறங்கிய எடை உடனே திரும்பியும் போக வேண்டும். எவ்வளவு எடையை, எவ்வளவு நேரம், பாதத்தின் எந்த இடத்தில் கொடுக்கிறோம் என்பதுதான் அங்கவடி பற்றிய எல்லாப் பேச்சுக்கும் அடியில் இருக்கும் கேள்வி.

*

எங்கள் மாஸ்டர் போலீஸ் குதிரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சவாரிப் பள்ளிகள் எங்கும் கேட்கும் ‘ஹீல்ஸ் டவுன்’ கூச்சலை அவர் போடுவதில்லை.

“குதிகாலை அழுத்தாதீங்கம்மா. விடுங்க, அதுவே இறங்கும்.”

“விட்டா அங்கவடி கழண்டுடுது சார்.”

“கழண்டா கழலட்டும். எங்க போயிடப் போகுது? அங்கதானே தொங்கும்.”

குதிகாலை வலிந்து அழுத்தினால் என்ன ஆகிறது என்பதை மற்றவர்களைப் பார்த்தால் சுலபமாகத் தெரிந்துகொள்ளலாம். கணுக்கால் பூட்டிக்கொள்ளும். கால் முன்னால் போகும். உட்காரும் இடம் பின்னால் தள்ளும். குதிரை ஒவ்வொரு அடி வைக்கும்போதும் ஆள் சேணத்தில் தொப்பென்று விழுவார், குதிரை காதைப் பின்னுக்கு மடிக்கும். விட்ட கணுக்கால் வேறு மாதிரி. ட்ராட்டில் ஒவ்வொரு தாளத்துக்கும் குதிகால் கொஞ்சம் தாழ்ந்து கொஞ்சம் மேலே வரும். நல்ல சவாரிக்காரரின் காலை வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் உடம்பில் ஓயாமல் அசைவது அந்த ஒரு மூட்டுதான் என்று தோன்றும். பாதம் தட்டின் மேல் அசையாமல் இருப்பதால்தான் கணுக்கால் அசைய முடிகிறது.

*

இங்கேதான் தட்டின் மேற்பரப்பு முக்கியமாகிறது.

சவாரிப் பள்ளிகளின் அங்கவடிகளில் ஒரு வெள்ளை அல்லது கறுப்பு ரப்பர் பேட் பொருத்தியிருக்கும். கொஞ்ச காலத்தில் அதன் மேடு பள்ளங்கள் தேயும், பள்ளங்களில் மண்ணும் சாணமும் அடைந்து இறுகும், மழை நாளில் அது கண்ணாடித் தரை. வழுக்கும் தட்டின் மேல் பாதம் என்ன செய்யும் என்று பூட்ஸுக்குள் கவனித்துப் பாருங்கள். ஐந்து விரல்களும் கீழ்நோக்கி மடங்கி, இல்லாத எதையோ பிடிக்கப் பார்க்கும். விரல் மடங்கினால் உள்ளங்கால் இறுகும், கெண்டைக்கால் இறுகும், முழங்கால் சேணத்தைக் கவ்வும். ‘உனக்கு உடம்பு ரொம்ப விறைப்பு’ என்று திட்டு வாங்கும் பல பேருக்கு உண்மையில் வேண்டியது ஒரு புது ரப்பர் பேட். அதன் விலை சொற்பம், மாற்ற ஐந்து நிமிடம் போதும். மாற்றுவதற்கு முன்பும் பழைய டூத் பிரஷ் கொண்டு பள்ளங்களைத் தேய்த்துப் பார்க்கலாம். பாதிப் பிடிப்பு அதிலேயே திரும்பிவிடும்.

இன்று பெரும்பாலான பள்ளிகளில் காணப்படும் இந்த வடிவத்துக்கு ஃபில்லிஸ் என்று பெயர். லண்டனில் பிறந்து பிரான்சில் பேர் எடுத்து, பிறகு ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் குதிரைப்படை அதிகாரிகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஜேம்ஸ் ஃபில்லிஸின் பெயர் அது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அந்த வடிவத்தை முழுசாக யாரும் தோற்கடிக்கவில்லை.

பிடிப்பு கூடினால் நல்லது என்று நினைத்துக்கொண்டு எதிர்க்கோடிக்குப் போகிறவர்களும் உண்டு. பல் வைத்த உலோகத் தட்டு, உப்புத்தாள் ஒட்டிய தட்டு எல்லாம் கிடைக்கின்றன. சேறும் மழையுமாகக் காட்டுவழியில் தடை தாண்டுகிறவர்களுக்கு அது வேண்டும். கற்றுக்கொள்கிறவருக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நல்ல இடத்தில் வைத்த பாதத்தைப் போலவே தப்பான இடத்தில் வைத்த பாதத்தையும் அது விடாமல் பிடித்துக்கொள்ளும். பாதம் திரும்ப நினைக்கும், தட்டு திரும்ப விடாது, அந்த முறுக்கு முழுக்க முழங்காலுக்குப் போகும். பிடிக்கவும் வேண்டும், கொஞ்சம் நகரவும் விட வேண்டும். சாதாரண ரப்பர் அந்த அளவுக்குச் சரியாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

*

மரத்துப்போகும் விரல்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

அரை மணி நேரத்துக்கு மேல் சவாரி செய்தால் நடுவிரல்கள் சுருசுருவென்று எரிந்து பிறகு மரத்துப்போகின்றன என்று பலர் சொல்வார்கள். முன்பாதத்தில் ஐந்து நீள எலும்புகளின் தலைகள் ஒரு வரிசையாக இருக்கின்றன. அவற்றின் நடுவே நரம்புகள் விரல்களுக்குப் போகின்றன. மூன்றாம் நான்காம் விரல்களுக்கு இடைப்பட்ட நரம்பு தடித்து வலி கொடுப்பதை மருத்துவர்கள் மார்ட்டன் நியூரோமா என்பார்கள். குறுகிய தட்டு ஒன்றின் மேல் எடை முழுதும் இந்த வரிசையில் குறுக்கே விழுந்தால் நரம்பு நசுங்காமல் என்ன செய்யும்? அதே எடை அகலமான தட்டில் பரவினால் ஒவ்வொரு புள்ளியிலும் அழுத்தம் குறையும். பள்ளிக்கூடப் பௌதிகம்தான்.

ஒரே நாளில் 100 மைல் ஓடும் டெவிஸ் கோப்பைப் பந்தயம் கலிஃபோர்னியாவில் 1955 முதல் நடந்து வருகிறது. 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அந்த மாதிரி நெடுந்தூர ஓட்டங்களில் போகிறவர்களின் அங்கவடியைப் பார்த்தால் முன்பின்னாகத் தட்டு நன்றாக அகன்றிருக்கும். பலவற்றில் முன்னால் ஒரு கூண்டும் இருக்கும், பாதம் உள்ளே முழுசாக நழுவாமல் இருக்க. பகலும் இரவும் காலை அதில் வைத்துப் பார்த்தவர்களின் தேர்வு அது.

அகலம் வேறு, மெத்தென்று இருப்பது வேறு. கடையில் விரலால் அழுத்திப் பார்க்கும்போது மெத்தை சொகுசாகத்தான் தெரியும். முக்கால் மணி நேரம் கழித்து அது அமுங்கித் தீர்ந்தால், அடியில் இருக்கும் குறுகிய கம்பியைப் பாதம் கண்டுபிடித்துவிடும். கெட்டியான அகலத் தட்டா, மெத்தையான குறுகல் தட்டா என்றால் நான் முதலாவதையே எடுப்பேன்.

தட்டைக் குறை சொல்வதற்கு முன் பூட்ஸையும் சந்தேகப்பட வேண்டும். செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த நம் பாதங்கள் விரல் பக்கம் நன்றாக விரிந்தவை. ஐரோப்பிய அச்சில் தைத்த நீள பூட்ஸில் அதைத் திணித்துவிட்டு, மரத்துப்போனதற்கு அங்கவடியின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

*

தட்டில் பாதத்தின் எந்த இடம் படவேண்டும்? முன்பாதத்தின் மேடு என்று எல்லாப் பாடத்திலும் சொல்வார்கள். ஆனால் அமெரிக்க மேய்ச்சல் வெளிகளில் வளைந்த அடியுள்ள ஆக்ஸ்போ அங்கவடியில் போகிறவர்கள் பாதத்தை உள்ளங்கால் வளைவு வரை உள்ளே விட்டு, குதிகால் முட்டும்படி வைக்கிறார்கள். முரட்டுக் குதிரை துள்ளும்போது அங்கவடி நழுவக்கூடாது அவர்களுக்கு. அர்ஜென்டினாவின் பழைய காவ்ச்சோக்கள் விரல் பக்கம் திறந்த தோல் பூட்ஸ் போட்டுக்கொண்டு, சேணத்திலிருந்து தொங்கும் வாரின் நுனியில் உள்ள ஒரு முடிச்சைப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கவ்விப் போனார்கள். நம் நாட்டில் சாஞ்சி போன்ற இடங்களின் பழஞ்சிற்பங்களில் பெருவிரலை மட்டும் நுழைக்கும் வளையம் போன்ற ஒன்று தெரிகிறது. வெறுங்கால் தேசத்துக்கு அது போதும். பூட்ஸ் இல்லாமல் வெளியே போக முடியாத குளிர்நாட்டில் பாதம் முழுதும் நுழையும் அங்கவடி வேண்டியிருந்தது. சீனாவின் வடகிழக்கில், கி.பி. 415இல் இறந்த ஃபெங் சூஃபூ என்பவரின் கல்லறையில் கிடைத்த இணை, மரத்தின் மேல் பொன்முலாம் பூசிய வெண்கலத் தகடு போர்த்தியது.

ஆக, பாடப்புத்தகத்தின் முன்பாத மேடு ஒரு குறிப்பிட்ட சேணத்துக்கும் ஒரு குறிப்பிட்ட வேலைக்கும் பொருந்துகிற விதி. கணுக்கால் அசைய இடம் கொடுக்கிறது என்பதால் கற்றுக்கொள்கிறவருக்கு அது நல்லது. நீண்ட தூரம் போகும்போது பாதத்தைக் கொஞ்சம் உள்ளே விட்டுக்கொண்டால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

*

என் இடது காலுக்கு வருகிறேன்.

சேணத்தில் தொங்கும் வார் குதிரையின் விலாவோடு தட்டையாக ஒட்டியிருக்கும். சாதாரண அங்கவடியும் அப்படியே ஒட்டித் தொங்கும். பாதத்தை நுழைக்க அதைக் கால் வட்டம் திருப்புகிறோம். முறுக்கிய தாம்புக்கயிறு பிரியப் பார்ப்பதைப் போல அந்த வாரும் சவாரி முழுக்கத் தன் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். புதுத் தோலில் இந்த இழுப்பு அதிகம். கணுக்காலும் முழங்காலும் அதை எதிர்த்து நின்றுகொண்டே இருக்கின்றன. அமெரிக்கச் சேணக்காரர்கள் புது வாரை நனைத்து, அங்கவடிகளைத் திருப்பி, இரண்டுக்கும் குறுக்கே ஒரு துடைப்பக் கட்டையைச் செருகி ராத்திரி முழுக்க விட்டுவிடுவார்கள். தோல் அந்தத் திருப்பத்தைக் கற்றுக்கொள்ளும். இப்போது வரும் பல அங்கவடிகளில் வார் நுழையும் கண்ணையே திருப்பி வைத்துவிடுகிறார்கள். அங்கவடி தானாகவே பாதத்தைப் பார்த்து நிற்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு எந்த மெத்தையையும்விட இது அதிகம் உதவும்.

அடுத்தது நீளம். நாம் எல்லாரும் இடது பக்கம் இருந்தே ஏறுகிறோம். இடுப்பின் இடது பக்கம் வாள் தொங்கிய காலத்துப் பழக்கம் என்பார்கள். ஏறும்போது முழு எடையும் இடது வாரில் விழுகிறது. தோல் நீளும். துளை எண் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும், நீளம் ஒன்றாக இருக்காது. இரண்டு வாரையும் கழற்றி ஓர் ஆணியில் பக்கத்தில் பக்கமாகத் தொங்கவிட்டால் உண்மை தெரிந்துவிடும். எங்கள் சேண அறையில் மாஸ்டர் அப்படித் தொங்கவிட்ட ஒரு ஜோடியில் இடது வார் ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருந்தது. எட்டாத தட்டை எட்டப் பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து நீள்கிறது, சுண்டுவிரல் பக்கம் ரப்பர் தேய்கிறது. வார்களை அவ்வப்போது இடம் வலம் மாற்றிப் போட்டாலும், ஏறுவதற்குக் கல்லோ படியோ வைத்துக்கொண்டாலும் இது வராது. குதிரையின் முதுகுக்கும் படி நல்லது.

ஒரு பக்கம் உயர்ந்த, ஆப்பு மாதிரித் தட்டுகளும் விற்கின்றன. பாதத்தின் வெளிவிளிம்பைத் தூக்கி எடையைப் பெருவிரல் பக்கம் அனுப்பும். சாய்ந்த தட்டும் உட்பக்கம் ஒதுங்கிய கண்ணும் வைத்த கோர்னகோஃப் அங்கவடி இதற்கு முன்னோடி. இடது வலது மாற்றிப் போட முடியாது. பிறவியிலேயே கால் வளைந்தவர்கள், கணுக்கால் ஒருமுறை உடைந்து சேர்ந்தவர்கள் போன்றோருக்கு ஆப்பு வரப்பிரசாதம். மற்றவர்கள் அதற்கு முன் வாரை அளக்க வேண்டும், சேணம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பின்னால் நின்று யாரையாவது பார்க்கச் சொல்ல வேண்டும், இடுப்பு நேராக இருக்கிறதா என்றும். பாதத்தில் தெரிகிற சாய்வு பல சமயம் பாதத்தில் தொடங்கியதில்லை.

*

வாரின் நீளத்தைக் கீழே நின்றே ஓரளவு அளக்கலாம். விரல்நுனியை வார் தொங்கும் கொக்கியில் வைத்து, அங்கவடியைக் கை நெடுக நீட்டினால் தட்டு அக்குளைத் தொட வேண்டும். ஏறிய பிறகு காலைத் தொங்கவிட்டால் தட்டு கணுக்கால் எலும்பு உயரத்தில் இருக்க வேண்டும். தாண்டுவதற்கு இரண்டு மூன்று துளை ஏற்றிக்கொள்வார்கள். பந்தய ஜாக்கி இன்னும் மேலே. அமெரிக்க ஜாக்கி டாட் ஸ்லோன் 1897இல் இங்கிலாந்துக்குப் போய்க் குட்டை அங்கவடியில் குந்திச் சவாரி செய்தபோது முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லாரும் குந்தினார்கள். அந்தக் காலகட்டத்தில் பந்தய நேரம் 5 முதல் 7 சதவீதம் குறைந்தது என்று 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. குதிரையின் ஆட்டத்தை ஜாக்கி தன் காலில் வாங்கிக்கொள்வதால் அவர் உடல் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் போகிறது, அதைத் தூக்கித் தூக்கிப் போடும் வேலை குதிரைக்கு மிச்சம். நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கால் வலிமை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

*

அங்கவடிக்கு இருக்கும் கடைசி வேலை பாதத்தை விட்டுவிடுவது. விழுகிறவரின் கால் சிக்கிக்கொண்டால் குதிரை அவரை இழுத்துக்கொண்டு ஓடும். சவாரியில் மிகவும் அஞ்ச வேண்டிய விபத்து அதுதான். அதனால்தான் அகலம் பற்றி இவ்வளவு கண்டிப்பு: பூட்ஸின் மிக அகன்ற இடத்தை அளந்து, இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டு, மொத்தத்தில் ஓர் அங்குலம் கூடுதலாக எடுக்க வேண்டும். குறைந்தால் சிக்கும், ரொம்பக் கூடினால் பாதம் முழுசாக உள்ளே போய்விடும். எல்லாருக்கும் ஒரே அளவு அங்கவடி மாட்டி வைக்கும் பள்ளிகளில் சிறு பாதமுள்ள பெண்களும் பிள்ளைகளும்தான் இதற்கு அகப்படுகிறார்கள். கனமான துருப்பிடிக்காத எஃகு அங்கவடி பாதத்தை விட்டு எளிதில் விழும், தவறவிட்டால் அசையாமல் தொங்கிக் காத்திருக்கும். இலேசானவை ஆடும்.

பீக்காக் என்ற வகையில் வெளிப்பக்கம் கம்பிக்குப் பதில் ஒரு தடித்த ரப்பர் வளையம் இருக்கும். கால் இழுத்தால் அது கழன்றுவிடும். பிள்ளைகளுக்கு நல்லது. ஒரு பக்கத்தில் மட்டுமே கம்பி தாங்குவதால் கனத்த பெரியவர்கள் தொடர்ந்து மிதித்தால் தட்டு வளையும். பெரியவர்களுக்கு வெளிக்கம்பியே வளைந்து அமைந்தவையும், அழுத்தினால் திறந்துகொள்பவையும் இருக்கின்றன. ரப்பர் வளையம் எப்போதும் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். நம் வெயிலில் அது சீக்கிரம் வெடிக்கும், உதிரி ஒன்று சேணப் பெட்டியில் இருக்கட்டும்.

எங்கே செய்ததை வாங்குவது? இங்கிலாந்தின் வால்சால் ஊர் சேண வேலைக்குப் பேர்போனது, அந்த ஊர்க் கால்பந்து அணியின் பட்டப்பெயரே ‘சேடலர்ஸ்’. இந்தியாவில் அந்தப் பேர் கான்பூருக்கு. உள்ளூர்ச் சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. நிக்கல் அங்கவடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது வளையும், சில சமயம் முறியும்.

குதிரை வைத்திருக்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. மெரினாவில் பிள்ளையைச் சவாரிக்கு ஏற்றும்போது அதன் காலைப் பாருங்கள். தட்டு எட்டாது என்பதால் பிள்ளையின் பாதத்தை அங்கவடிக்கு மேலே, வாரின் மடிப்புக்குள் செருகி விடுவார்கள். விழுந்தால் அது விடாது. எடுத்துவிடச் சொல்லுங்கள். கால் சும்மா தொங்கட்டும். நீங்கள் பக்கத்தில் பிடித்துக்கொண்டே நடங்கள்.